பன்றிக் குட்டிகளுக்குக் கிளிசரின் கொடுத்த பெருங்குற்றத்தைக் கண்டித்து

(திருமுல்லைவாயிலில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழாவில், தீர்மானம் ஒன்றை முன்மொழிந்து, பாதுகாப்புத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிவராமன் ஆற்றிய உரை.)

தேர்தல்தோறும் தலைமை தாங்கி, தாங்கிய தலைமையைத் தளரவிடாமல், தளர்ந்தாலும் தர மறுத்து, இந்த மேடையின் நடுநாயக நாற்காலியை நிறைத்திருக்கும் எங்கள் நலச் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அண்ணன் கலியமூர்த்தி அவர்களே! மின்விசிறிக்கு நேரே இடம் பார்த்து அமர்ந்து, என் கருத்தோடு காற்றையும் வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் செயற்குழுப் பெருமக்களே! ஒரு காலத்தில் பீரங்கிக்குத் திருகாணி முடுக்கி, இப்போது குழாய் ரிப்பேர்காரரை முடுக்கிக்கொண்டிருக்கும் என் வயதுப் பெரியோர்களே! மாலைத் தொடர்களில் மருமகள் என்ன ஆனாள் என்ற மாபெரும் கேள்வியை நெஞ்சில் சுமந்தபடி இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசி வெளிச்சத்தில் முகம் மலர்ந்திருக்கும் பின்வரிசை இளைஞர்களே! பந்தல் காலோரம் நின்றுகொண்டிருக்கும் சகோதரி தாயம்மா அவர்களே! அனைவருக்கும் என் அன்பும் அடக்கமும் கலந்த வணக்கம்.

தாயம்மா, ஏன் நிற்கிறீர்கள்? முன்னால் வாருங்கள். இதோ முதல் வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது. தயங்காதீர்கள் அம்மா, அது எங்கள் யாருடையதும் அல்ல, ஆவடியிலிருந்து வாடகைக்கு வந்தது. உட்காருங்கள். ஆம், அப்படி.

யார் இவர் என்று சிலர் கேட்கிறீர்கள். நமது கடைசிக் குறுக்குத் தெருவுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், பன்றி வளர்க்கிறாரே ஒரு பெண்மணி, அவர்தான். இன்று நாம் நிறைவேற்றப் போகும் தீர்மானம் இவரைப் பற்றியது. யாரை விரட்டப் போகிறோமோ அவரை அழைக்காமல் விரட்டுவது விருந்தோம்பல் ஆகுமா? ஆகாது. எனவே நான்தான் அழைத்தேன்.

தீர்மானம் இதுதான். தாயம்மாவின் பன்றிக் கொட்டகையை அகற்றக் கோரி மாநகராட்சிக்கு மனு அனுப்ப வேண்டும். மனு தயார். கையெழுத்தும் தயார். வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கியாகிவிட்டது. என் வீட்டுக் கையெழுத்தை, நான் பால் வாங்கப் போன நேரத்தில், என் இல்லத்தரசி மைதிலி அவர்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார். எஞ்சியிருப்பது பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் மட்டுமே. "சிவராமன், நீங்கதான் நல்லாப் பேசுவீங்க, நீங்களே முன்மொழிஞ்சிடுங்க" என்று தலைவர் என்னிடம் சொன்னார். தொழிற்சாலை வாயிலில் தொழிற்சங்கத்துக்காக முப்பது ஆண்டுகள் கத்திய தொண்டை இது. இந்த நற்பணிக்கு இல்லாவிட்டால் வேறு எதற்கு? முன்மொழிகிறேன். மனதார முன்மொழிகிறேன். மனுவில் சொல்லப்பட்ட மகத்தான காரணங்களை உங்கள் முன் விரித்துரைக்கிறேன்.

முதல் காரணத்தைக் கேளுங்கள். கேட்டால் குலை நடுங்கும். பால் மறந்த பன்றிக் குட்டிகளுக்கு இவர் தீவனத்தில் கிளிசரின் கலக்கிறாராம். கிளிசரின்! என்ன துணிச்சல்? யாருடைய பொருளை யாருக்குக் கொடுப்பது? கிளிசரின் நம்முடையது அல்லவா? நாம் பல் துலக்கும் பசையில் இருப்பது, நாம் குளிக்கும் சோப்பில் இருப்பது, நம் பிள்ளைகளின் இருமல் மருந்தில் இனிப்பது, நம் பிறந்தநாள் கேக்கின் மேல் பளபளப்பது, மார்கழிப் பனியில் வெடித்த நம் உதட்டுக்குப் பன்னீரோடு கலந்து பூசுவது. மனிதன் பூசுவான், மனிதன் பருகுவான், மனிதன் விழுங்குவான். அதைப் பன்றி தின்றால் அது ரசாயனம். இந்த நுண்ணறிவு வேறு எந்த நகருக்கு வாய்க்கும்?

கைதட்டுகிறீர்கள். நன்றி. எதற்குத் தட்டினீர்கள் என்று பிறகு யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேராபத்தை முதலில் கண்டறிந்து ஊரை எழுப்பியவர் நம் தம்பி கிஷோர். மென்பொருள் நிறுவனத்தில் பணி. அதோ பின்வரிசையில் இருக்கிறார். எழுந்து நில்லுங்கள் தம்பி, தாய்மார்கள் பார்க்கட்டும். வெட்கப்படுகிறார், விடுங்கள். வேலியோரம் நீல நிற டிரம் ஒன்று இறங்குவதைத் தம்பி பார்த்தார். அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். படித்த கையோடு நமது வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். அதை நான் பலமுறை கேட்டுச் சுவைத்திருக்கிறேன். "எல்லார்க்கும் வணக்கம். அந்தப் பன்னிக் கொட்டாய்ல இன்னா நடக்குதுன்னு தெரியுமா? கிளிசரின் ஊத்தறாங்கபா. சினிமாவுல அழ வெக்கறதுக்கு ஊத்துவாங்களே, அத்தான். காலைல அதுங்க அழுவுற சத்தம் யாருக்கும் கேக்கலயா?"

அவ்வளவுதான். ஊர் விழித்துக்கொண்டது. கிளிசரின் என்றால் நமக்குத் தெரிந்தது கண்ணீர் ஒன்றுதானே. கதாநாயகி கண்ணில் விட்டால் கண்ணீர், ஆகவே பன்றி வாயில் விட்டாலும் கண்ணீர். அடுத்த நாள் காலை கொட்டகையில் குட்டிகள் கத்தியபோது, இரண்டாவது பிளாக்கில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ பாவம், எப்படி அழுவுதுங்க பாருங்க" என்று உருகினார். பன்றிக் குட்டி தீவன நேரத்தில் கத்தாமல் கர்நாடக சங்கீதமா பாடும்? ஆனால் அந்த உருக்கம் இருக்கிறதே, அது உன்னதமானது. பன்றி அழக் கூடாது என்பதற்காக, பன்றியையும் பன்றியை வளர்ப்பவரையும் சேர்த்து விரட்டிவிடலாம் என்று முடிவெடுத்த கருணை அது. விலங்கு நேயத்தில் நமக்கு நிகர் யார்?

ரயில் போகட்டும். அண்ணனூரிலிருந்து வருகிறது, நம்மைப் போல் அவசரப்படாது. போய்விட்டது. தொடர்கிறேன்.

முன்மொழிபவன் விஷயம் தெரிந்து முன்மொழிய வேண்டுமல்லவா? எனவே வேலியைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனேன். கால்நடை மருத்துவர் நிஷா அன்று அங்கே இருந்தார். தாயம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா, குட்டிகளுக்கு ஏன் இதைக் கொடுக்கிறீர்கள்?"

அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேளுங்கள். "பால் மறக்க வெச்சா குட்டிங்க தீனிய மோந்து பாத்துட்டுப் போயிடும் சார். ஆத்தாகாரிய தேடிகினு மூலைல போய்ப் படுத்துக்கும். வயிறு ஒட்டிப் போவும். மறுநா பாத்தா ஒண்ணு எழுந்துக்காது. அத்தத் தூக்கினு போய்ப் பொதைக்கிறது எங்க கைதான் சார். இன்னா பண்றதுனு டாக்டரம்மாவத்தான் கேட்டேன்."

மருத்துவர் விளக்கினார். தாய்ப்பால் கொழுப்பும் இனிப்புமாக இருந்த வயிற்றுக்குத் திடீரென்று தவிடும் சோளமாவும் கொடுத்தால் குட்டி திகைக்கிறது. தின்னாத குட்டிக்கு உடம்பில் சக்தி இல்லை. சக்தி இல்லாத குட்டிக்குச் சூடு இல்லை. சூடு இல்லாத குட்டியைக் கழிச்சல் கொண்டுபோய்விடுகிறது. கிளிசரின் இனிக்கும். தீவனத்தில் கலந்தால் மாவு தூசியாகப் பறக்காமல் பதமாகச் சேரும், குட்டி நக்கும், நக்கியது தின்னும். உள்ளே போனதைக் கல்லீரல் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். ஏறத்தாழ மக்காச்சோளத்துக்கு நிகரான சக்தி கிடைக்கும். சோளத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் இதைச் சேர்க்கலாம் என்றார். நான் விடுவேனா? "விஷம் என்கிறார்களே டாக்டர்?" என்று மடக்கினேன். அவர் மழுப்பவில்லை. "சுத்திகரிக்காததுல மெத்தனால் இருக்கும் சார், அது விஷம்தான். உப்பும் அதிகமா இருக்கலாம். அதனால ஒவ்வொரு டிரம்மும் சோதனை பண்ணித்தான் இறக்கறோம். அளவும் உண்டு, தீவனத்துல பத்துல ஒரு பங்கைத் தாண்ட விடமாட்டேன்" என்றார். அமுதம் என்றும் சொல்லவில்லை, ஆலகாலம் என்றும் சொல்லவில்லை. தீவனம் என்றார். இப்படி நிதானமாகப் பேசுகிறவர் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

இரண்டாவது காரணம், நாற்றம். இதில் நான் யாரையும் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் என் மூக்கும் இதே குடியிருப்பில்தான் இருக்கிறது. ஆடி மாதத்தில் ஒரு வாரம் நாறியது உண்மை. சாளரம் சாத்தினாலும் நாறியது, சாம்பிராணி போட்டாலும் நாறியது. அந்த வாரத்தில்தான் மனுவே பிறந்தது. அந்த நாற்றத்தின் வரலாறு நெஞ்சை அள்ளுவது. அந்த வாரம் தாயம்மா மகளின் பிரசவத்துக்காக மாங்காட்டுக்குப் போய்விட்டார். கொட்டகையைத் தன் தம்பி மதுரைவீரனிடம் விட்டுச் சென்றார். மதுரைவீரன் கல்யாணப் பந்திகளில் பரிமாறுகிறவர். நம் ஊர்ப் பந்தி உங்களுக்குத் தெரியும். போதும் என்று இலையைக் கையால் மறைத்தால், கைமேலேயே பாயசம் ஊற்றுகிற பரம்பரை நாம். மறுப்பவனுக்குத்தான் இரண்டு கரண்டி அதிகம். அந்தப் பழக்கத்தை மதுரைவீரன் பன்றித் தொட்டியிலும் கடைப்பிடித்தார். குட்டிகள் ஆசையாக நக்கின, அவர் அன்பாக ஊற்றினார். அவை இன்னும் நக்கின, அவர் இன்னும் ஊற்றினார்.

தாயம்மா திரும்பி வந்தபோது குட்டிகளெல்லாம் தண்ணீராகக் கழிந்துகொண்டிருந்தன. மருத்துவர் வந்து, "அளக்குற மக் எங்கய்யா? பாயசம் மாதிரியா ஊத்துவ?" என்று திட்டியிருக்கிறார். அதற்கு மதுரைவீரன் சொன்ன பதிலை இந்த மேடையில் பதிவு செய்யாமல் போனால் நான் தமிழ்நாட்டுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். "அதுங்க தொட்டிய நக்கிகினு என் மூஞ்சியப் பாக்குதுங்க டாக்டர். சாப்டற புள்ளைய போதும் எழுந்துருன்னு எப்டி சொல்றது?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. கிளிசரின் கொல்லவில்லை, அளவு மறந்த அன்பு கொன்றது. அக்காவும் தம்பியும் அவற்றைப் புதைத்துவிட்டு, சாக்கடையைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டு, மாலையில் நம் சங்க அலுவலகத்துக்கு வந்து, "நாத்தத்துக்கு மன்னிச்சிக்கங்க, இனிமே ஆவாது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பின் நாறவில்லை. நாறியதா? தாய்மார்களே, சொல்லுங்கள். முன்வரிசை தலையாட்டுகிறது, இல்லை என்று. ஆனால் நாற்றம் நின்றுபோனால் மனுவும் நின்றுவிட வேண்டுமா? நம் உழைப்பு என்ன ஆவது? எனவே மனு தொடர்கிறது.

இனி, சற்றுமுன் இதே மேடையில் நடந்த பொன்னான நிகழ்ச்சிக்கு வருகிறேன். பசுமைக் குடியிருப்பு என்று நமக்கு ஒரு கேடயம் தந்தார்கள். தலைவர் அதை இரு கையாலும் ஏந்தி, புகைப்படக்காரர் போதும் என்ற பிறகும் ஏந்தியபடியே நின்றார். எதற்காக அந்தக் கேடயம்? நாம் வடை சுட்ட எண்ணெயை, பூரி பொரித்த எண்ணெயை, தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கேனில் சேர்த்து, ஞாயிறுதோறும் வரும் வண்டியில் ஏற்றுகிறோமே, அதற்காக. அந்த வண்டி எங்கே போகிறது? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்கூடத்துக்கு. அங்கே அந்த எண்ணெயை டீசலாக மாற்றுகிறார்கள். மாற்றும்போது அடியில் ஒன்று தங்குகிறது. கெட்டியாக, இனிப்பாக. அதன் பெயர் என்ன?

உரக்கச் சொல்லுங்கள். ஆம், கிளிசரின். அதைத்தான் சுத்தம் செய்து, சோதித்து, நீல டிரம்மில் அடைத்துத் தாயம்மாவின் வாசலில் இறக்குகிறார்கள்.

என் அருமைப் பெருமக்களே, அந்தக் குட்டிகள் தின்பது நம் வீட்டு வடையின் மிச்சம், நம் வீட்டுப் பூரியின் எச்சம். நாம் கொடுத்தால் அது பசுமை, அவர் வாங்கினால் அது மாசு. நமக்குக் கேடயம், அவருக்கு வெளியேற்றம். ஒரே எண்ணெய் வேலிக்கு இந்தப் பக்கம் புண்ணியமாகவும் அந்தப் பக்கம் பாவமாகவும் இருக்கும் அதிசயத்தை நாம் அல்லவா கண்டுபிடித்திருக்கிறோம்? தலைவரே, கேடயத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட வேண்டாம். மேலேயே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது காரணத்தை மனுவில் மென்மையாக எழுதியிருக்கிறார்கள். "குடியிருப்பின் கண்ணியத்துக்கு இழுக்கு" என்று. அதாவது, வீடு வாங்க வருகிறவர் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் பன்றி தெரிகிறது. வீட்டை விற்கப் பார்க்கும் அதே வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியில் பன்றிக் கறிக்கடை வரிசையில் நிற்பதும், கறுப்புப் பைக்குள் ஒரு பையை வைத்து, அதற்குள் இன்னொரு பையை வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் எனக்குத் தெரியாதா? பெயர் சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் மேடையில் பாதிப் பேர் இறங்க வேண்டியிருக்கும். சாப்பிடுவதில் தவறே இல்லை. ஆனால் தட்டில் வந்தால் கண்ணியம், தெருவில் நின்றால் இழுக்கு என்றால், அந்தக் கண்ணியத்தை எந்தக் கடையில் எடை போடுவது?

போதும். கேலி போதும். வலப்பக்கம் இருக்கும் செயற்குழு நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

கொட்டகையிலிருந்து கிளம்பும்போது தாயம்மா என்னிடம் ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "சார், உங்க பில்டிங்கு கீற எடத்துல எங்கம்மா நாத்து நட்டுகினு இருந்துச்சி. வயல வித்துட்டாங்க, கூலி வேல பூட்ச்சி. செங்கல் தூக்கினோம், உங்க ஊட்டுக்குத்தான் தூக்கினோம். ஊடு கட்டி முடிஞ்சிது, அந்த வேலையும் பூட்ச்சி. அப்பால பன்னி வாங்கி உட்டோம். இப்ப இதுவும் கூடாதுன்றீங்க. இனிமே நாங்க இன்னா பண்ணா உங்களுக்கு நாறாது சார்?"

நண்பர்களே, நான் மேடைகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவன். நிர்வாகம் கேட்ட கேள்விக்கும், அமைச்சர் கேட்ட கேள்விக்கும் சொன்னவன். இந்தக் கேள்வியை மட்டும் உங்களிடமே கொண்டுவந்திருக்கிறேன். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இந்தக் கொட்டகை போனால் அவருக்கு வேறு கொட்டகை இல்லை. சினைப் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கைப்பிள்ளையோடு இருக்கும் மகளின் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். இதுதான் இந்த மனுவின் பொருள். மற்றதெல்லாம் நாம் அதன் மேல் தடவிய கிளிசரின்.

சரி. முன்மொழிவதாகச் சொன்னேன், முன்மொழிந்துவிட்டேன். வாக்கெடுப்பு நடக்கட்டும். தலைவர் அனுமதிக்கிறாரா? அனுமதித்துவிட்டார். கொட்டகையை அகற்ற வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். என்னைப் பார்த்துத் தூக்க வேண்டாம், தலைவரைப் பார்த்தும் தூக்க வேண்டாம். முதல் வரிசையில் தாயம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துத் தூக்குங்கள். தாயம்மா, கொஞ்சம் திரும்பி உட்காருங்கள் அம்மா. தலை குனிய வேண்டாம்.

தூக்குங்கள். காத்திருக்கிறேன்.

முதல் வரிசை? இல்லை. இரண்டாவது பிளாக் தாய்மார்கள்? இல்லை. தம்பி கிஷோர், அது கை தூக்குவதா, தலை சொறிவதா? சொறிவதுதான், சரி. மைதிலி, என்ன, முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறாயா? செயற்குழு? மேடையில் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. தலைவரே, தாங்கள்? இரண்டு கையும் கேடயத்தின் மேல் இருக்கிறது.

ஒரு கைகூட எழவில்லை. மனுவிலோ வீட்டுக்கு வீடு கையெழுத்து இருக்கிறது. அந்தக் கைகள் எல்லாம் எங்கே போயின? இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குள் இன்னும் செத்துப்போகாமல் இருக்கிற நல்ல குணம் இதுதான். இதை நம்பித்தான் நான் இன்று தாயம்மாவை அழைத்தேன், இது இல்லாமல் போயிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவர் முகத்துக்கு நேரே தூக்க முடியாத கையை, அவர் முதுகுக்குப் பின்னால் கையெழுத்துப் போட இனி ஒருநாளும் விடாதீர்கள்.

தலைவர் எழுந்துவிட்டார். ஒலிவாங்கியை எட்டாமல் செயலாளர் பக்கம் திரும்பி, "தீர்மானம் விழுந்திடுச்சு, மனு போகாதுன்னு எழுதிக்கோங்கப்பா" என்கிறார். அதை நான் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

நான் முன்மொழிந்த ஒரு தீர்மானம் தோற்றதில் இவ்வளவு மகிழ்ச்சி எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. மேடை தந்த சங்கத்துக்கும், பொறுமை காத்த தலைவருக்கும், கேட்டிருந்த காதுகளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, எழாமல் இருந்த உங்கள் கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.